யாருக்குப் பதில் சொல்கிறார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நான் நோயாளிகளின் கட்டில் தள்ளும் இதய வார்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அப்பாவைப் போலவே தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் புது வால்வு வைத்துக்கொண்டவர். நேற்று தண்ணீர் கொடுக்கப் போனபோது, திடீரென்று "இதோ வர்றேன்" என்றார்.

"யாருய்யா கூப்பிட்டாங்க?"

"உன் பின்னாடி நிக்கிறவருதான்."

திரும்பினேன், யாருமில்லை. மறுபடி அவரைப் பார்த்தால் கண் சொருகியிருந்தது. மானிட்டரில் கோடு நேராகக் கிடந்தது. டாக்டர்கள் ஓடிவந்து காப்பாற்றிவிட்டார்கள். புது வால்வு அழுத்தியதில் துடிப்பு நின்று நின்று வந்ததாம். துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தபின், "பயந்தாங்கொள்ளி" என்று என்னைக் கேலி செய்கிறார்.

நீங்கள் பயப்படாதீர்கள். ஆனால், அப்பா தலைசுற்றும்போது வெறும் வாசலைப் பார்த்து "வர்றேன்" என்கிறார் என்று போனில் சிரித்தீர்களே, அதற்காக இதைப் படித்ததுமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வால்வு வைத்த கையோடு, வேறு நோயாளிக்குக் கட்டில் வேண்டுமென்று அவரை அவசரமாக வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரிக்காரர்கள், "வயசானா அப்படித்தான்" என்பார்கள். பணக்காரனுக்கு மட்டும் வயதே ஆவதில்லை! ஈசிஜி எடுக்காமல் நகராதீர்கள்.

உங்கள் பழைய புடவை ஒன்றை அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. வார்டில் மணி அடிக்கிறார்கள். அப்பாவைத் தனியே விடாதீர்கள். வேறு யாரும் கூப்பிடும் முன், நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

உங்கள் மகன்