ஒரு கரண்டிச் சட்னி

செவ்வாய், ஆட்டையாம்பட்டி

காலையில் அண்ணிதான் கடலைச் சட்னி அரைத்து, இட்லியோடு என் பையில் வைத்தாள். "பட்டினியா பறக்காத கண்ணு" என்றாள்.

மதியம் விமான நிலையத்தில் அதே அண்ணி அதே பையை மேசைமேல் கவிழ்த்தாள். அவளுக்கு அங்கே பாதுகாப்புச் சோதனையில் வேலை. நான் விமானப் பணிப்பெண். அவளுடைய அதிகாரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டப்பாவுல என்னங்க இருக்குது?"

யாரோ எவளோ மாதிரி கேட்டாள்.

"சட்னிங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தண்ணியா இருக்குது. உள்ள உட முடியாதுங்க."

குப்பைத் தொட்டியில் கொட்டினாள். வரிசையில் நின்ற பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களையே நான் கைகூப்பி வரவேற்க வேண்டும். அத்தனை உயிரையும் என்னை நம்பி ஏற்றி அனுப்புகிறார்கள். ஒரு கரண்டிச் சட்னிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை.

ராத்திரி நான் வீடு திரும்பியதும் அண்ணி இட்லியும் காலையில் அரைத்ததில் மீதிச் சட்னியும் பரிமாறினாள். அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, வழித்து வழித்துத் தின்றான். நான் சட்னியைத் தொடவில்லை. கை கழுவ எழுந்தபோதுதான் பார்த்தேன், அண்ணியும் வெறும் இட்லியைத்தான் பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாளைக்கும் அவள்தான் என் பையைத் திறப்பாள்.