ஆசிரியர்: சுடலையாண்டி

8 ஜூலை, செவ்வாய்

சாரல். நெட் விட்டு விட்டு. அக்காவின் துறையில் முடித்த மானிடவியல் ஆய்வேடுகளை, அனுமதி கிடைத்தவை எல்லாம், இணையத்தில் பலர் சேர்ந்து நடத்தும் பொது அட்டவணையில் ஏற்றியாயிற்று. கல்லூரி அலமாரியில் கிடந்தவை. இனி எவரும் தேடி எடுக்கலாம். பாராட்ட ஆளில்லை. நானே டீ போட்டுக் குடித்தேன்.

அக்காவுடையதும் அதில் உண்டு: குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பற்றி. வெள்ளிக்கிழமை அவளுக்கு விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். அட்டவணையில் தேடிப் பார்ப்பார்களாம்.

9 ஜூலை, புதன்

காலையிலேயே அக்கா, கையில் போனுடன்.

"ஏலே, எம் பேர அடிச்சா ஒண்ணும் வரல. அப்பா பேர அடிச்சா என் ஆய்வேடு வருது."

உண்மை. ஆசிரியர்: சுடலையாண்டி. செல்வராணியைக் காணோம்.

படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம்; தேடலும் அதை வைத்தே. இங்கே யாருக்கு இருக்கிறது அது? இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் போடும்படி ஸ்கிரிப்ட் எழுதியது நான்தான். விளைவு, எல்லா அப்பாக்களும் முனைவர். அச்சன்புதூரில் நெல் போடும் ஓர் அப்பா, சந்தைப் பெண்கள் பற்றி ஆராய்ந்திருக்கிறார்.

அப்பா எட்டிப் பார்த்து, தன் பெயரைப் படித்துவிட்டுப் போனார். அவர் போனதும் அக்கா:

"சாரல்ல நனைஞ்சு நனைஞ்சு எழுதுனது நான். அவரு ஒரு பக்கம் படிச்சாரா? போலீஸ்காரன் மவளுக்கு எண்ணெய்க்காரங்க கூட என்ன பேச்சுன்னுதான கேட்டாரு?"

ஏற்றியதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. நடத்துகிறவர்களுக்கு மெயில்: எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் நிற்பது அப்பா, கட்டத்தைக் காலியாக விட வழி செய்யுங்கள். அந்தப் படிவத்தின் நிரலைத் திருத்தி அதையும் இணைத்தேன்.

10 ஜூலை, வியாழன்

பதில் இல்லை. வாங்க வேண்டியது: மோடத்துக்கு அடாப்டர், அம்மாவுக்குத் தைலம்.

டீக்கடையில் அப்பா. ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு, பழைய சிநேகிதரிடம் போனை நீட்டிக்கொண்டு.

"இங்கன பாரும். உலகம் பூரா எம் பேரு தெரியுது."

"நீரு எப்பம்வே புத்தகம் எழுதுனீரு? எஃப்.ஐ.ஆரே ஸ்டேஷன் ரைட்டர்தான எழுதுவான்?"

அப்பா சிரித்தார். மறுக்கவில்லை. எனக்கு எரிச்சல்.

சாயங்காலம் பதில். நிரலை ஏற்றுக்கொண்டார்கள்; பழைய பதிவுகளையும் திருத்திவிட்டார்கள். எங்களுக்கு மட்டுமல்ல, அந்த அட்டவணையில் இனி யாருமே அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம். தேடினேன். செல்வராணி, சு. தனியாக, தலைநிமிர்ந்து. நான் போட்ட வரி அங்கே ஓடுகிறது. பெருமைதான். இல்லையென்று எழுத இங்கே யார் பார்க்கிறார்கள்.

11 ஜூலை, வெள்ளி

நேர்காணலில் ஒருவர் அங்கேயே அடித்துப் பார்த்தாராம். முதலில் வந்ததே அவள்தான்.

"இது நீங்களாம்மா?"

"ஆமா சார். நான்தான்."

முடிவு பிறகு. திரும்பி வரும்போது புரோட்டாவும் கோழியும் வாங்கி வந்தாள். எனக்குத் தனிப் பொட்டலம்.

12 ஜூலை, சனி

"ஏலே, எம் பேரு எங்கலே போச்சு?"

"எழுதுனவ பேரு வந்துட்டுப்பா."

மத்தியானம் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் ஆய்வேட்டைப் படித்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"செல்வி, ஒரு ஏட்டு வாராவாரம் ஓசியில எண்ணெய் தேய்ச்சுட்டுப் போவாருன்னு போட்டிருக்கியே. ஆரு அது?"

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஆய்வுல வாறவங்க பேரப் போடக்கூடாதுப்பா. அதான் முறை."

"நல்ல முறை" என்றார். அடுத்த பக்கத்துக்குத் தள்ளினார்.