பக்கத்து எண்ணின் நிழல்

புனே,
ஐப்பசி 10

மகிழினி அப்பாவுக்கு,

குந்தவையின் வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? நான் சுகம்.

இங்கே தராசில் எடையைக் காட்டும் எல்.இ.டி. போர்டு செய்கிறேன். நாலு எண், எண்ணுக்கு ஒரு டிரான்சிஸ்டர், சுவிட்ச் மாதிரி. அவை முறை வைத்து ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் எரியவிடும். மாறுகிற வேகத்தில் நாலும் சேர்ந்து எரிவதாகக் கண் நம்பிவிடும். என் போர்டில் மட்டும் ஒவ்வொரு எண்ணிலும் பக்கத்து எண்ணின் நிழல் மங்கலாக விழுந்தது. இரண்டு நாள் தேடினேன். பார்த்தால், ஒரு டிரான்சிஸ்டரை அணைக்குமுன்பே அடுத்ததைப் போட்டிருக்கிறேன்! "மேல மடைய அடைக்காம கீழ மடையத் தொறந்தா தண்ணி ரெண்டு பக்கமும் ஓடாதாங்க?" என்று வயலில் உங்களைத் திட்டியவள் நான்தான். சிரிக்காதீர்கள். சரிசெய்துவிட்டேன்.

தாளிப்பு வடகம் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் போனை ஆள் மாற்றி ஆள் கொடுக்க வேண்டாம். போன வார வீடியோவில் எடுத்த படத்தை வைத்து அளந்து பார்த்தேன். கட்டிலில் நெருக்கி உட்கார்ந்தால் நீங்கள், அத்தை, மகிழினி மூன்று பேரும் ஒரே நேரத்தில் அடங்குவீர்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

குந்தவை