ஃபைலுக்குள் வந்த பல்

தம்பிக்கு,

முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து இன்று நான்காவது நாள். படுத்தபடி எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

எனக்காக இரண்டு பை ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு சொட்டுகூட ஏற்றவில்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஆபரேஷனே பண்ணாம வெறும் தையல் போட்டு அனுப்புறீங்களா?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ஊசியில ஒரு மருந்து குடுத்துட்டோம். உறைஞ்ச ரத்தம் சீக்கிரம் கரையாம அது பாத்துக்கும், கசிவு குறையும். சின்ன வயசுல பல்லு புடுங்கினப்ப நாள் முழுக்க ரத்தம் நிக்கலையாமே? ஃபைல்ல இருக்கு. அதான் கூடுதல் கவனமா இருந்தோம்."

ஆபரேஷனுக்கு முன்பு அவர் கேட்டபோது, அப்படி எதுவும் இல்லை என்றுதான் நான் சொல்லியிருந்தேன். எனக்கே மறந்துபோன சங்கதி. கதவில் நூலைக் கட்டி நீ இழுத்த பல் அது. திட்டு விழும் என்று அம்மாவிடம்கூட மறைத்தோம். அழுதுகொண்டே எனக்குத் துண்டு மாற்றிக் கொடுத்தவன் நீ ஒருத்தன்தான்.

இதை யார் வந்து சொன்னது என்று என் வீட்டுக்காரரைக் குடைந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று ஜன்னலைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

உன் கல்யாணத்துக்கே வராதவளுக்காக யாரைக் கேட்டு இங்கே வந்தாய்? வந்தவன் ஏன் என்னைப் பார்க்காமல் போனாய்?

பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு வரை. நேரில் வந்து பதில் சொல். சாட்சிக்கு உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா