ஈடில்லாத பிள்ளை

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி உடைந்துவிட்டது. மதியம் பதுளையிலிருந்து பசறை பஸ், பிறகு நனைந்துகொண்டே தேயிலைத் தோட்டத்துக்கு நடை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ரோசம்மா வீடு. அவருடைய இரட்டை மகள்களில் ஸ்டெல்லா போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். இருபது வயதுகூட ஆகவில்லை. மற்றவள் மேரி தேத்தண்ணி தந்தாள். அதே முகம். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தயக்கம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆறுதல் சொன்னார், அதே முகத்தில் ஒன்று கண் முன்னால் இருக்கிறதே என்று. மேரி குனிந்தபடி உள்ளே போனாள்.

ஞாயிறு நினைவு ஆராதனை. தேவன் தம்முடைய ஒரேபேறான குமாரனைத் தந்ததைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன்.

"அது ஒத்தப் பிள்ளையப் பறிகொடுத்தவங்களுக்குச் சரிங்க பாஸ்டர்," என்றார் ரோசம்மா. "எனக்குத்தான் இன்னொன்னு இருக்கே. அழக் கூடாதுங்கிறாங்க."

ஜெபித்துவிட்டு வந்தேன்.

நவ. 4, செவ்வாய்
நல்ல மழை. மாலை 3 மணிக்கு கரன்ட் இல்லை. கிரேக்க அகராதியைத் தூசி தட்டினேன். 'ஒரேபேறான' என்பதற்கு மூலத்தில் மோனோகெனேஸ். மோனோ: ஒன்று. மற்றப் பாதியைப் பிறப்பு என்று எடுத்ததால் நம் 'ஒரேபேறான'. இப்போது பலர் 'வகை' என்கிறார்கள். அதைப்போல் இன்னொன்று இல்லாதது.

எபிரெயர் நிருபம், 11ஆம் அதிகாரம். ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்கும் இதே சொல். ஆபிரகாமுக்கு இஸ்மவேலும் மகன்தானே? அப்படியானால் எண்ணிக்கை அல்ல. (இஸ்மவேலின் தாய் இதைக் கேட்டால்? தெரியவில்லை.)

தமிழில் எப்படி? தனித்துவமான: அலுவலகக் கடிதம். நிகரற்ற: மேடைப் பேச்சு. ஈடில்லாத. ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றை வைக்க முடியாத. இதுதான்.

நவ. 9, ஞாயிறு
வெயில். பிரசங்கம் சின்னதுதான். ஸ்டெல்லா ஈடில்லாத பிள்ளை என்றேன். ஈசாக்கைச் சொன்னேன், கிரேக்கம் ஒரே வரி. பிறகு மகளைப் பற்றிச் சொல்லும்படி ரோசம்மாவைக் கேட்டேன்.

எழுந்து நின்றார். "ஸ்டெல்லா கோவிச்சா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டா. மேரி அப்பவே வந்து மடியில படுத்துக்குவா. முகம் ஒன்னுன்னு ஊருதான் சொல்லுது. பெத்த எனக்கு ஒருநாளும் ஒன்னாத் தெரியல." அப்புறம் அழுதார். யாரும் தடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு தாயும் மகளும் மட்டும் பெஞ்சில். மேரி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "தினம் அவ சட்டையத்தான் போட்டுக்கிறேன் பாஸ்டர். அவ இருக்கிற மாதிரி அம்மாவுக்குத் தோணட்டும்னு."

ரோசம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குப் போயி உன் சட்டையப் போட்டுக்கடி. இத்தன நாளா ரெண்டு பேரையுந்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

செருப்பைத் தேடுவதுபோல நான் வெளியே வந்துவிட்டேன்.