ஜெயித்தவளுக்கு எழுதாத சீட்டு

ஐப்பசி 14, வெள்ளி.

நான் நடுவராக இருந்த வாசகர் வட்டச் சிறுகதைப் போட்டியில் பரிசு கிடைக்காதவர்கள் எழுதுவதையே விட்டுவிடக் கூடாதென்று, ஆளுக்கு நான்கு வரி என் கையால் எழுதி அனுப்பியிருந்தேன். இன்று முதல் பரிசு வாங்கிய பர்வீன், உத்தமபாளையத்திலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“மேடம் கைப்பட எழுதியிருக்காகன்னு மார்க்கையன்கோட்டை மலரு எல்லார்ட்டயும் காட்டுறா. எனக்கு ஏன் ஒண்ணுமில்ல? தோத்திருந்தாத்தான் எழுதுவீகளோ?”

“உனக்குத்தான் சான்றிதழ் கொடுத்தோமே.”

“அது அச்சடிச்சது மேடம். என் கதைய ஒருத்தர் படிச்சாகன்னு அதுல ஒரு வரி இருக்கா? வீட்டுல கிறுக்கிங்கிறாக. நானும் இதோட விட்டுர்றேன்.”

காபியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். மலரின் கதை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் மலருக்கு எழுதியபோது வரிகள் தானாக வந்தன. பர்வீனின் கதை என்னைத் தூங்கவிடவில்லை. அதை இப்போது சொன்னால், கேட்டதற்காகச் சொன்னதாகத்தானே நினைப்பாள்? அப்படியென்றால் மற்றவர்களுக்கு அனுப்பியதெல்லாம் என்ன? இரக்கமா, பொய்யா? ஒன்றும் விளங்கவில்லை. பர்வீன் எழுதுவதை விட்டுவிட்டால்? தாளில் இன்னும் ‘அன்புள்ள பர்வீன்’ மட்டுமே இருக்கிறது.