நீ பேசாதிருந்த அந்தப் பகல்

நேற்று ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீட்டுக்காரர் தொதல் வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த மணம் வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். டீச்சர்கள் அறையில் எல்லோருக்கும் பெரிய துண்டு, எனக்கு மட்டும் ஓரத்துண்டு வைப்பாய். "கணக்கு டீச்சருக்கு எதுக்கு இனிப்பு?" என்பாய். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டாய்.

உன் தீவுக் கதையைத்தான் சொல்கிறேன். மதுரையிலிருந்து வந்த ஒரு சின்னப் பத்திரிகையில் வெளியானதே, அது. அந்தத் தீவில் கடவுள் பேரால் ஆளுகிறவர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் எதைக் கேட்டாலும், அவள் பேசாமலிருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பயந்து ஒருத்தி ஓயாமல் பேசுகிறாள். சமைக்கும்போது சீலா, பாறை, ஊளி, நகரை என்று மீன் பெயர்களைச் சொல்கிறாள், தூக்கத்திலும் உளறுகிறாள். கடைசி வரியில் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள். தோற்றுப்போனாளா, துணிந்துவிட்டாளா என்று கேட்டேன். "மூச்சு வாங்க நிப்பாட்டியிருப்பா டீச்சர்" என்று சிரித்தாய்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை எனக்கு மட்டும் சொன்னாய். உன் நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க வந்தபோது, அழுது அழுது உனக்குத் தொண்டை அடைத்திருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, பெண் சம்மதித்துவிட்டாள் என்று வெளியே போய்ச் சொல்லிவிட்டார்கள். "மாப்பிள்ளை நல்ல மனுஷர்தான். அதான் எனக்கு இன்னுங் கொழப்பமாருக்கு" என்றாய். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியே கிடையாது. என்னைப் பெற்ற அய்யா திருவாடானைச் சந்தைக்குப் போய்விட்டு வந்து, "ஏ புள்ள, தை மாசம் ஒனக்குக் கல்யாணம்" என்றார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வது போல. கேட்டுவிட்டுப் பதிலைத் தாமே எடுத்துக்கொள்வது மேலா, கேட்காமலே இருப்பது மேலா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கதையில் பள்ளிவாசலும் இல்லை, கோயிலும் இல்லை. ஆனாலும் உங்கள் ஜமாஅத்தில் தங்களைத்தான் எழுதிவிட்டாய் என்று கொதித்தார்கள். எங்கள் அய்யா படித்துவிட்டு, "நம்ம கோயில் கமிட்டிய அந்தப் புள்ளைக்கி எப்புடித் தெரியும்?" என்றார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த ஒரு பகலில் ஜமாஅத் பெரியவர்கள் உன் வீட்டுக்கு வந்தார்கள். நான் சாப்பிட வந்திருந்தேன். உன் வாப்பா அவர்களோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நீயும் நானும் திரைக்கு இந்தப் பக்கம்.

"இனிமே இந்தமாரி எழுதுறதில்லை, சம்மதந்தானேம்மா?" அதட்டாமல் நயமாகத்தான் கேட்டார்கள்.

நீ பேசவில்லை. "மாட்டேன்னு சொல்லு டீச்சர்" என்று உன் கையைக் கிள்ளினேன். மறுபடி கேட்டார்கள். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"புள்ள பேசலை, சம்மதந்தான். அல்ஹம்துலில்லாஹ்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுப்படியில் உன்னை மடக்கினேன். அது ஆமாவா, இல்லையா?

"நான் வெள்ளைப் பேப்பர் குடுத்தேன். விடைய அவுகளே எழுதிக்கிட்டுப் போறாக."

"வெள்ளைப் பேப்பருக்கு நான் சைபர்தான் போடுவேன்."

"போடுங்க டீச்சர். ஆனா நான் தப்பா எழுதலைல்ல?"

அதன் பிறகு உன் கதை எதுவும் வெளிவரவில்லை. ஒளித்து எழுதினாயா, எழுதவே இல்லையா, அதுவும் தெரியாது. உன்னைக் கடைசியாகப் பார்க்க மையத்து வீட்டுக்கு வந்தபோது, உன் முகத்தைப் பார்த்து மனசுக்குள் அதையேதான் கேட்டேன்: ஆமாவா, இல்லையா?

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்கப் பரமக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் கூடத்தில் இருக்க, நான் உள்ளே போய் "சம்மதமா?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பேசாமத்தான நிக்கிறா, அப்பறமென்ன? சரின்னு சொல்லிருவோம்" என்றார்.

"வாயத் தொறந்து சொல்லு, ஆமாவா இல்லையா?" என்று அவளிடம் கத்தினேன். கூடம் வரை கேட்டிருக்கும். அவள் மிரண்டுபோய், "எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

இப்படி ஒரு விடை உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை. நீயும் அன்று இதைத்தான் சொல்லாமல் நின்றாயா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கூடத்துக்குப் போய், "பிள்ளைக்குத் தெரியலையாம். தெரிஞ்சப்பறம் சொல்லி அனுப்புறோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் உட்பட ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன், டீச்சர்.